டெலிவரி ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புக் குழு: யாரைச் சேர்ப்பது, எதைப் பேசுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பது ஓட்டுநர்கள் உள்ள ஒரு பார்சல் நிறுவனம். பாதிப் பேர் பைக்கில், மீதிப் பேர் வேனில். நிர்வாகம் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைக்கச் சொல்லி, கேள்வி கேட்டவரையே ஒருங்கிணைப்பாளராகவும் போட்டுவிட்டது. ஓட்டுநர்கள் காலையில் சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். இவர்களை வைத்து எப்படிக் குழு நடத்துவது, யாரைச் சேர்ப்பது, இதனால் உண்மையில் ஏதாவது மாறுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

மாறும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. யாருக்கு எத்தனை பார்சல், எந்த ரூட், எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று அன்றாடம் முடிவு செய்கிறவர் அந்தக் குழுவில் உட்கார வேண்டும். அவர் இல்லாத குழு ஹெல்மெட், போஸ்டர், பாதுகாப்பு வாரம் என்று அதையே சுற்றிச் சுற்றி வந்து ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பாதுகாப்புக் குழு என்ற ஏற்பாடு பெரும்பாலும் தொழிற்சாலையை மனதில் வைத்தே வளர்ந்தது. 1972இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்த குழுக்களைச் சட்டத்தில் கொண்டுவந்தது. அதே ஆண்டு பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பைப் பற்றி ராபன்ஸ் பிரபுவின் அறிக்கை வந்தது. அரசு இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தால் மட்டும் போதாது, ஆபத்தை உண்டாக்குகிறவர்களும் அந்த ஆபத்தோடு வேலை செய்கிறவர்களும் சேர்ந்துதான் அதைக் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன் அடிப்படையில் 1974இல் சட்டமும் 1977இல் பாதுகாப்புப் பிரதிநிதிகளுக்கும் குழுக்களுக்குமான விதிகளும் வந்தன. தொழிற்சங்கம் நியமித்த பிரதிநிதிகள் இரண்டு பேர் எழுதிக் கேட்டால் மூன்று மாதத்துக்குள் குழு அமைத்தாக வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன.

தொழிற்சாலையில் இது எளிது. இயந்திரம் ஓரிடத்தில் நிற்கிறது; குழு ஒரு சுற்று நடந்து போய்ப் பார்த்தால் எங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறது, எந்தக் காப்புக் கம்பி கழன்றிருக்கிறது என்பது தெரிந்துவிடும். டெலிவரி ஓட்டுநருக்கு வேலை செய்யும் இடம் என்பது பொதுச் சாலை, அடுத்தவர் வீட்டு மாடிப்படி, விளக்கில்லாத சந்து, கட்டிப்போடாத நாய். இவை எதுவும் நிறுவனத்தின் கையில் இல்லை. இந்தச் சிக்கலைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநில விதிப்படி, பாதிக்கு மேற்பட்ட ஊழியர்கள் இடம் விட்டு இடம் போய்க்கொண்டே இருக்கிறவர்கள் என்றால், முறையான குழுவுக்குப் பதிலாகப் பாதுகாப்புக் கூட்டங்கள் நடத்தினாலே போதும்.

அப்படியானால் குழு எதைச் சோதிப்பது? நிறுவனத்தின் கையில் முழுக்க முழுக்க இருப்பது ஒன்றுதான்: அன்றைய அட்டவணை. சாலையில் நடப்பதில் கணிசமான பகுதி அங்கேதான் முடிவாகிறது. இதற்கு ஊரறிந்த உதாரணம் டாமினோஸ். 30 நிமிடத்தில் பீட்சா என்ற வாக்குறுதியை அந்த நிறுவனம் அமெரிக்காவில் 1993இல் கைவிட்டது. சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த டெலிவரி வண்டி மோதி ஒரு பெண் காயமடைந்த வழக்கில், செயின்ட் லூயிஸ் நகர ஜூரி சுமார் 7.9 கோடி டாலர் கொடுக்கச் சொன்ன பிறகுதான் அது நடந்தது. தென் கொரியாவில் அதே வாக்குறுதி 2011 வரை நீடித்து, இளம் ஓட்டுநர்களின் மரணங்களுக்கு எதிர்ப்பு வலுத்த பிறகு நின்றது. சிவப்பு விளக்கைத் தாண்டியது ஓட்டுநர்தான், சரி. ஆனால் நிமிடத்தை எண்ண வைத்தது யார் என்பதைக் கேட்கும் இடமாகக் குழு இருக்க வேண்டும். சிக்னலைத் தாண்டிய ஓட்டுநருக்குப் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டு அட்டவணையைத் தொடாமல் விட்டால், அடுத்த ஓட்டுநர் அதையேதான் செய்வார்.

முதல் கூட்டத்திலேயே, அட்டவணை போடும் டிஸ்பாட்ச் ஆளிடம் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். 5 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 6 நிமிடம். 60இல் போனால் 5 நிமிடம். மிச்சம் ஒரே ஒரு நிமிடம். அதையும் அடுத்த சிக்னல் விழுங்கிவிடும். ஆனால் பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் அது 44 சதவீதம் அதிகமாகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. "வேகமாகப் போகாதீர்கள்" என்று ஓட்டுநருக்கு அறிவுரை சொல்வது சுலபம். இந்தக் கணக்கை அட்டவணை போடுகிறவர் முன்னால் வைத்து, "மணிக்கு எத்தனை டிராப் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? பார்க்கிங் தேடும் நேரம் அதில் இருக்கிறதா? லிஃப்ட் இல்லாத நான்காவது மாடிக்கு எவ்வளவு நேரம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதுதான் குழுவின் வேலை. பல நேரங்களில் அவரிடம் பதில் இருக்காது, ஏனென்றால் அந்த எண்ணை மென்பொருள் போட்டிருக்கும். அந்த மென்பொருளில் ஒரு நிறுத்தத்துக்கு எவ்வளவு நேரம் என்பதைத் திருத்த முடியுமா, யாரால் முடியும் என்பது அடுத்த கேள்வி.

இனி ஆட்கள். நாற்பது பேர் கொண்ட நிறுவனத்துக்கு ஆறு பேர் போதும். எட்டைத் தாண்டினால் பேச்சுதான் நீளும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்டம் நல்ல முன்மாதிரி. அங்கே பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழு கட்டாயம். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் நிர்வாகப் பொறுப்பில் இல்லாத தொழிலாளர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். கூட்டத்துக்குத் தயாராக ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் உண்டு. அதுவும் கூட்ட நேரமும் சம்பளம் உள்ள வேலை நேரம். குழு எழுத்தில் பரிந்துரை கொடுத்தால் நிர்வாகம் 21 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் எதுவாக இருந்தாலும், இந்த 21 நாள் விதியை மட்டும் உங்கள் குழுவின் விதியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "பார்க்கலாம்" என்ற ஒற்றைச் சொல்லால் செத்துப்போன பரிந்துரைகள் ஏராளம்.

ஓட்டுநர் தரப்பில் மூன்று பேர் என்றால் மூவரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கக் கூடாது. பைக் ஓட்டுகிறவர் ஒருவர், வேன் ஓட்டுகிறவர் ஒருவர், இரவு ஷிஃப்ட்டிலோ வேலைக்குப் புதிதாகவோ இருப்பவர் ஒருவர். பெண் ஓட்டுநர்கள் இருந்தால் அவர்களில் ஒருவர் கட்டாயம். இவர்களை ஓட்டுநர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். மேலாளர் கைகாட்டும் "நல்ல பையன்" குழுவுக்கு வந்தால் அவரிடம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். நிர்வாகத் தரப்பில் டிஸ்பாட்ச் ஆள், வண்டிப் பராமரிப்பைப் பார்க்கிறவர், பணம் ஒதுக்க அதிகாரம் உள்ள ஒருவர். கடைசி ஆள் வராத கூட்டத்தை ஒத்திவைப்பதே நல்லது.

கூட்டம் எப்போது? ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிறவர்களை உட்கார வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை, காலையில் சரக்கு ஏற்றுவதற்கு முன் முக்கால் மணி நேரம் போதும். ஆனால் அன்றைக்குக் குழுவில் உள்ள மூன்று ஓட்டுநர்களுக்கும் பார்சல் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும். குறைக்காவிட்டால் பாதுகாப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, இழந்த நேரத்தைப் பிடிக்க வண்டியை விரட்டிக்கொண்டு போவார்கள். டெலிவரிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களாக இருந்தால், அந்த நேரத்துக்கு அவர்களுடைய சராசரி வருமானத்தைக் கொடுங்கள்.

பேச வேண்டிய விஷயங்களில் சாலை விபத்து ஒன்று மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றாடம் உடம்பைப் பதம் பார்ப்பவை வேறு: வேனிலிருந்து நாள் முழுக்க ஏறி இறங்குவதில் கணுக்காலும் முழங்காலும், கனமான பெட்டியைத் திரும்பியபடி தூக்குவதில் இடுப்பு, ஈரப் படியில் வழுக்கல், நாய்க்கடி, பணம் கையில் வைத்திருப்பவர்மீது நடக்கும் வழிப்பறி, கத்தும் வாடிக்கையாளர். வேனை ரிவர்ஸ் எடுப்பது தனிக் கவனம் கேட்கும் விஷயம். பின்னால் குழந்தை நிற்பது கண்ணாடியில் தெரியாது. முட்டுச் சந்துக்குள் வண்டியை விடாமல் முனையில் நிறுத்தி நடந்து போவதை ரூட்டிலேயே எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ரூட்டை வைத்தே ஆபத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு யு.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனம் எடுத்துக்காட்டு. வலப்புறம் ஓட்டும் அமெரிக்காவில், எதிரே வரும் போக்குவரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு திரும்பும் இடது திருப்பங்களை அது முடிந்தவரை தவிர்த்தே பாதை போடுகிறது. இடப்புறம் ஓட்டும் நாடுகளில் இதுவே வலது திருப்பத்துக்குப் பொருந்தும்.

கழிப்பறையைப் பற்றிப் பேச எல்லோரும் கூச்சப்படுவார்கள். ஆனால் வழியில் போக இடமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். வெயில் காலத்தில் அதன் விளைவு தலைசுற்றலும் மயக்கமும். வண்டி ஓட்டும்போது மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எந்தெந்தக் கடையில், பெட்ரோல் பங்க்கில், வாடிக்கையாளர் அலுவலகத்தில் அனுமதிப்பார்கள் என்று ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு பட்டியல் தயாரித்து வைத்தால், பைசா செலவில்லாமல் குழுவுக்கு நல்ல பெயர் கிடைக்கும். வெப்பத்தைப் பொறுத்தவரை, வேனின் சரக்குப் பகுதி வெளியே இருப்பதைவிடப் பல டிகிரி கொதிக்கும். அமெரிக்காவில் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் 2023இல் யு.பி.எஸ்.ஸுடன் போட்ட ஒப்பந்தத்தில், 2024 முதல் புதிதாக வாங்கும் டெலிவரி வண்டிகளில் ஏசி, பழைய வண்டிகளில் மின்விசிறி என்பது முக்கியமான அம்சமாக இடம்பெற்றது. உங்கள் நிறுவனம் ஏசி வாங்கப் போவதில்லை என்றாலும், உச்சி வெயில் நேரத்தில் மாடி டெலிவரிகளைக் குறைப்பது அட்டவணை சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

போன் இன்னொரு தலைவலி. ஓட்டும்போது போன் பயன்படுத்துகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹேண்ட்ஸ்ஃப்ரீயும் பெரிய வித்தியாசம் செய்வதில்லை என்கிறது. ஆனால் இந்த வேலையில் போன்தான் கருவி. ஆர்டர் அதில்தான் வருகிறது, வழி அதில்தான் தெரிகிறது, "எங்கே இருக்கிறீர்கள்" என்று அலுவலகமே அதில்தான் கூப்பிடுகிறது. "ஓட்டும்போது போன் தொடாதே" என்று சுவரில் எழுதிவிட்டு, சில நொடிக்குள் ஒத்துக்கொள்ளாவிட்டால் கைநழுவும் ஆர்டரை ஓடும் வண்டிக்கு அனுப்புவது வெறும் பாசாங்கு. வண்டி நகரும்போது புதிய ஆர்டர் திரையில் வராதபடி செயலியை மாற்ற முடியுமா? முடியாவிட்டால், அலுவலகத்திலிருந்து ஓடும் வண்டிக்குப் போன் போடக் கூடாது என்ற விதியையாவது முதலில் கொண்டுவாருங்கள். அது ஒரே நாளில் நடக்கக் கூடியது.

களைப்பும் இதே கதைதான். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1990களிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் கனரக லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். அதைக் கருவி பதிவு செய்கிறது. உள்ளூரில் ஓடும் சின்ன வேனும் பைக்கும் அந்த விதிக்கு வெளியே இருக்கின்றன. சட்டம் கைவிட்ட இடத்தில் குழுதான் எல்லை போட வேண்டும். பகலில் வேறு இடத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் இங்கே வருகிற பகுதிநேர ஆட்கள் இருந்தால் அவர்களைத் தண்டிக்காமல் பேசுங்கள். மறைக்கத் தொடங்கினால் கண்டுபிடிக்கவே முடியாது.

மறைப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. மயிரிழையில் தப்பிய சம்பவங்கள்தான் குழுவுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய சொத்து. டயர் வழுக்கியது, பஸ் உரசிக்கொண்டு போனது, கதவைத் திறந்ததும் நாய் பாய்ந்தது. இவற்றை ஓட்டுநர்கள் தங்களுக்குள் டீக்கடையில் பேசுவார்கள், அலுவலகத்தில் மூச்சு விட மாட்டார்கள். காரணம் எளிது: சொன்னால் இன்சென்டிவ் போகும். "இந்த மாதம் பூஜ்ஜிய விபத்து, எல்லோருக்கும் போனஸ்" என்ற திட்டம் உங்கள் நிறுவனத்தில் இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது விபத்தைக் குறைப்பதில்லை, விபத்துச் செய்தியைத்தான் குறைக்கிறது. விமானத்துறை இதற்கு 1976லேயே வழி கண்டது. அமெரிக்காவில் விமானிகள் தங்கள் தவறுகளையும் தப்பித்த சம்பவங்களையும் கண்காணிப்பு அமைப்பிடம் கொடுக்க வேண்டியதில்லை. நாசா நடத்தும் தனி அமைப்புக்கு ரகசியமாக அனுப்பலாம். பெயரை நீக்கிவிட்டுத்தான் தகவலைப் பயன்படுத்துவார்கள். உங்கள் அளவில் இதன் எளிய வடிவம்: குழுவின் ஓட்டுநர் உறுப்பினர் ஒருவருக்கு அரை நிமிட வாய்ஸ் மெசேஜ். படிவம் வேண்டாம். அவர், அனுப்பியவரின் பெயரை நீக்கி இடம், நேரம், என்ன நடந்தது என்பதை மட்டும் குழுவுக்குக் கொண்டுவருவார். மேலாளர் "யார் சொன்னது?" என்று கேட்கக் கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதல் சில மாதங்களில் இந்தப் புகார்கள் கூடினால் நிர்வாகம் பதறும். கூடுவதுதான் நல்ல அறிகுறி என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

வண்டியில் ஜிபிஎஸ்ஸோ கேமராவோ இருந்தால் அந்தத் தரவையும் குழு கேட்க வேண்டும், ஆனால் ஆள் வாரியாக அல்ல, இடம் வாரியாக. ஒரே வளைவில் ஐந்து பேர் சடாரென்று பிரேக் போட்டிருந்தால் கோளாறு ஐந்து பேரிடம் இல்லை, அந்த வளைவில் இருக்கிறது. ஸ்பெயினில் 2021 முதல், வேலையைப் பாதிக்கும் அல்காரிதம் எந்த அடிப்படையில் இயங்குகிறது என்று தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். டெலிவரித் தளங்களின் தானியங்கிக் கண்காணிப்பால் வரும் பாதுகாப்பு ஆபத்துகளை மதிப்பிட வேண்டும் என்று 2024இல் ஐரோப்பிய ஒன்றியமும் ஆணை கொண்டுவந்துவிட்டது.

நான் மிகவும் வற்புறுத்துவது ஒன்று உண்டு: வேலையை நிறுத்தும் உரிமை. உடனடியான, கடுமையான ஆபத்து என்று நியாயமாகக் கருதி விலகும் தொழிலாளிக்குப் பாதகம் வரக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155ஆம் ஒப்பந்தம் 1981லேயே சொல்லிவிட்டது. சுவீடனில் பாதுகாப்புப் பிரதிநிதியே அத்தகைய வேலையை நிறுத்த உத்தரவிடலாம். காகிதத்தில் இந்த உரிமை பல இடங்களில் இருக்கிறது. ஆனால் ஓட்டுநர் கையில் இருக்கும் செயலியைத் திறந்து பாருங்கள். பார்சல் கொடுக்க முடியாததற்கான காரணங்களில் "வீடு பூட்டியிருந்தது", "முகவரி தவறு", "வாடிக்கையாளர் மறுத்தார்" எல்லாம் இருக்கும். "பாதுகாப்பாக இல்லை" என்று ஒன்று இருக்காது. வெள்ளம் ஓடும் தெருவில் திரும்பி வருகிறவர் பொய்க் காரணம் ஒன்றைத் தட்டிவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வரியைச் செயலியில் சேர்க்கச் சொல்லுங்கள். அதைத் தட்டினால் தரப்புள்ளி குறையாது, பணம் பிடிக்கப்படாது என்ற உறுதியோடு. அந்தக் காரணம் எந்த முகவரியில் அடிக்கடி வருகிறது என்பது அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத் தானாகவே எழுதிக் கொடுத்துவிடும்.

உங்கள் பைக் ஓட்டுநர்கள் ஊழியர்களா, ஒப்பந்தக்காரர்களா என்பது நீங்கள் எழுதியதில் தெளிவாக இல்லை. ஒப்பந்தக்காரர்கள் என்றால், "குழு ஊழியர்களுக்குத்தான்" என்று நிர்வாகம் சொல்லக்கூடும். சட்டப்படி அது பல நாடுகளில் இன்னும் இழுபறியில் இருக்கும் கேள்வி. பிரிட்டனில் 2020 நவம்பரில் உயர் நீதிமன்றம், முழு ஊழியர் அந்தஸ்து இல்லாத தொழிலாளர்களுக்கும் பாதுகாப்புச் சாதனமும் ஆபத்திலிருந்து விலகும் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும் என்று ஒரு தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு எதுவானாலும், ஒரே டிப்போவிலிருந்து ஒரே சாலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேரை வெளியே வைத்துவிட்டு நடத்தும் குழுவுக்கு பாதித் தகவல்தான் கிடைக்கும். சொந்த வண்டி ஓட்டுகிறவரின் பிரேக் ஷூவுக்கு யார் பணம் கொடுப்பது என்ற சங்கடமான கேள்வியும் அப்போதுதான் மேசைக்கு வரும்.

முதல் கூட்டத்துக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஓட்டுநர்களிடம் "உங்கள் ரூட்டில் நீங்கள் பயப்படுகிற இடம் எது?" என்று மட்டும் கேட்டு, வந்த பதில்களை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். அவற்றில் இரண்டு வாரத்துக்குள் சரிசெய்யக் கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: டிப்போ வாசலில் எரியாத விளக்கு, வேனின் தேய்ந்துபோன படி, ஒரு முட்டுச் சந்து. யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, சரக்கு ஏற்றும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். அந்தத் தேதியில் அது நடந்துவிட்டால் இரண்டாவது கூட்டத்துக்கு ஓட்டுநர்கள் தாங்களாகவே பேச வருவார்கள். பார்சல் எண்ணிக்கையைப் பற்றிய பேச்சை அங்கே தொடங்குங்கள்.